மறைத்த முகமும் வென்ற பொருளும்

இல்லறத்தில் நின்று அணுவிரதங்களைக் காக்க முயலும் சிராவகர்க்குப் பெரும்பாவங்கள் அத்துணைச் சோதனை தருவதில்லை. பிறர் வீட்டுப் பூட்டை உடைக்கலாமா என்று நம்மில் எவரும் ஐயுற்று ஆன்றோரை நாடுவதில்லை. ஐயம் எழுவதெல்லாம் சட்டம் தடுக்காத, ஊர் பழிக்காத, ஆயினும் உள்ளம் முழுதும் ஒப்பாத செயல்களைப் பற்றியே. அத்தகைய ஐயம் ஒன்று சென்ற தசலக்ஷண பர்வத்தின்போது ராயபுரத்தில் நம்முன் வைக்கப்பட்டது. அன்று நாம் தந்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அதன்பின் நூல்களைப் புரட்டியும், அறிந்தோரைக் கேட்டும், நம்மை நாமே வினவியும் எண்ணியவற்றை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

பர்வத்தின் மூன்றாம் நாள் உத்தம ஆர்ஜவத்திற்கு உரியது. மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்பதே ஆர்ஜவம். அதற்கு மாறானது மாயை என்னும் கஷாயம். கல்மண்டபத்திற்கு அருகில் ஓர் அன்பரின் இல்ல மாடியில் நாங்கள் சிலர் கூடி அதைப் பற்றிப் படித்து முடித்தோம். அனைவரும் கலைந்த பின்னர் நம் நண்பரின் மகன் மட்டும் தயங்கி நின்றார். சரக்குக் கப்பலில் பொறியாளராகப் பணிபுரிபவர். ஆண்டில் சில திங்கள் கடலிலும் சில திங்கள் ராயபுரத்திலுமாக வாழ்பவர். அவருடைய தந்தையார் உறவினர் ஒருவரின் கடனுக்குப் பிணை நின்று, அவ்வுறவினர் கைவிட்டமையால், தாம் கட்டிய வீட்டையே அடமானத்தில் வைத்திருப்பதை நாம் அறிவோம்.

"மாமா, ஒன்று கேட்கலாமா? நான் ஒரு பொய்யும் சொல்லாமல், ஒருவர் பையிலும் கை வைக்காமல், என் மூளையால் மட்டும் பணம் ஈட்டினால் அது பாவமா?" என்று கேட்டார் அவர்.

மூளையால் ஈட்டுவது எப்படிப் பாவமாகும் என்று நாம் சிரித்தோம். அதன்பின் அவர் சொன்னதைக் கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஆட்டமும் எண்ணிக்கையும்

வெளிநாட்டுத் துறைமுக நகரம் ஒன்றில் அவருடைய நண்பர் நால்வர் இருக்கின்றனர். அனைவரும் கணக்கில் வல்லவர்கள். அவர்கள் கேசினோ என்னும் சூதாட்ட விடுதியில் 'பிளாக்ஜாக்' என்ற சீட்டாட்டத்தில் எண்ணிக்கை வைத்து ஆடுகின்றனர். தம்மோடு சேருமாறு இவரையும் அழைத்திருக்கின்றனர். ஓராண்டு ஆடினால் தந்தையின் கடன் தீரும் என்பது அவர்தம் கணக்கு.

இவ்வாட்டத்தைப் பற்றி நம் வாசகர்கட்குச் சிறிது சொல்லவேண்டும். ஆடுபவர் தம் சீட்டுகளின் மதிப்பு 21-ஐத் தாண்டாமல், விடுதியின் சார்பில் சீட்டுப் போடுபவரின் கூட்டலைவிட அதிகமாகப் பெற முயல்கிறார். ராஜா, ராணி, ஜாக்கி ஆகியவற்றிற்குப் பத்து மதிப்பு. ஆசுக்கு ஒன்று அல்லது பதினொன்று. விடுதிக்காரர் 16 வரை சீட்டு எடுத்தே ஆகவேண்டும். 17 வந்தால் நிறுத்தவேண்டும். அவருக்குத் தம் விருப்பம் என்று ஒன்றில்லை. ஏனைய சூதாட்டங்கள் பலவற்றில் ஒரு சுற்று முடிந்தால் அதன் சுவடு அடுத்த சுற்றில் இராது. இதில் அவ்வாறன்று. வெளிவந்த சீட்டு மீண்டும் கலைக்கப்படும்வரை கட்டுக்குத் திரும்புவதில்லை. ஆதலால் வெளியே சென்றவற்றை நினைவில் வைத்திருப்பவர் உள்ளே எஞ்சியிருப்பவற்றை ஓரளவு உணரமுடியும். எஞ்சிய சீட்டுகளில் பெரியவை மிகுந்திருந்தால் அது ஆடுபவருக்கு ஆதாயம். சிறியவை மிகுந்திருந்தால் விடுதிக்கு ஆதாயம்.

எண்ணும் முறை எளிது. 2 முதல் 6 வரையுள்ள சீட்டு வெளிவந்தால் ஒன்று கூட்டவேண்டும்; பத்து, படச்சீட்டு, ஆசு ஆகியவற்றில் ஒன்று வந்தால் ஒன்று கழிக்கவேண்டும்; 7, 8, 9 வந்தால் வாளா இருக்கவேண்டும். ஒரு கட்டில் கூட்டுவதற்குரியவை 20, கழிப்பதற்குரியவை 20. ஆகவே கட்டு முடியும்போது கணக்கு சுழியில் வந்து நிற்கும். இடையில் கணக்கு உயரும்போது பணயத்தை உயர்த்துவதும், தாழும்போது குறைப்பதுமே உபாயம். இதனால் கிட்டும் ஆதாயம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவினதே. ஆயினும் பல்லாயிரம் முறை ஆடும்போது அச்சிறு விழுக்காடு பெருந்தொகையாகிறது.

இவ்வாட்டத்திற்குரிய சிறந்த ஆட்டமுறையை 1956-இல் அமெரிக்கப் படையில் இருந்த நால்வர் கணக்கிட்டு ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியிட்டனர். அதன் வழியே சென்று, எண்ணிக்கையால் விடுதியையே வெல்லமுடியும் என்று கணிப்பொறியின் துணைகொண்டு நிறுவியவர் எட்வர்ட் தார்ப் என்னும் கணிதப் பேராசிரியர்; அவருடைய நூல் 1962-இல் வெளிவந்தது. அது வெளிவந்தபின் விடுதிகள் விழித்துக்கொண்டன; கட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டின, அடிக்கடி கலைத்தன. எண்ணுபவரைக் கண்டால் வெளியே அனுப்பின. எண்ணுபவர்களும் அடையாளம் தெரியாதிருக்க வழி தேடினர். தாமே தாடி வளர்த்துக்கொண்டு சென்றதைத் தார்ப் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

நம் தம்பியின் நண்பர்கள் கைக்கொள்ளும் முறையும் புதிதன்று; அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் 1980-களில் குழுவாக ஆடிப் புகழ்பெற்ற முறைதான். மூவர் வெவ்வேறு மேசைகளில் சிறு பணயம் வைத்து, ஒருவரையொருவர் அறியாதார்போல அமர்ந்து எண்ணுவர். எண்ணிக்கை உயர்ந்ததும் கையைக் கட்டியோ தலையைக் கோதியோ குறிப்புக் காட்டுவர். அப்போது, பணத்தின் அருமை தெரியாத செல்வந்தரைப்போல வேடம் பூண்ட ஒருவர் வந்து அமர்ந்து பெரும்பணயம் வைப்பார். குடிக்காமலே குடித்தவர்போல் உளறுவார். சில நேரம் வேண்டுமென்றே தவறாக ஆடுவார். அந்தச் செல்வந்தர் வேடமே நம் தம்பிக்கு ஒதுக்கப்பட்டது. மீன் உண்ணாத, மது தொடாத பிள்ளை. கையில் மதுக்கிண்ணத்தை ஏந்தியிருந்தால் போதும், பருகவேண்டியதில்லை என்று உறுதியளித்திருக்கிறார்கள்.

அவர் தரப்பு நியாயங்கள்

ஒரு செயலைக் கண்டிக்குமுன் எதிர்த்தரப்பை முழுமையாக எடுத்துரைப்பது நம் ஆசாரியர்களின் மரபு. ஆகவே தம்பி சொன்ன நியாயங்களை அவர் சொன்ன வலிமை குன்றாமல் இங்கே தருகின்றோம்.

முதலாவது: எண்ணுவது களவன்று. சீட்டுகள் எல்லோர் கண்முன்னும் திறந்தே போடப்படுகின்றன. கண்ணால் கண்டதை மறவாதிருத்தல் குற்றமாகுமாயின் கல்வியே குற்றமாகும்.

இரண்டாவது: சட்டம் இதைத் தடுக்கவில்லை. அமெரிக்காவில் நெவாடா மாநிலம் 1985-இல் எண்ணுவதற்குக் கருவிகளைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. மனத்தால் எண்ணுவதை ஆக்கவில்லை. நியூ ஜெர்சியில் கென் அஸ்டன் என்பவரை எண்ணுகிறார் என்ற காரணத்தால் ஒரு விடுதி வெளியேற்றியது, அவர் வழக்காடினார். அவ்வாறு விலக்க விடுதிக்குத் தானாக அதிகாரம் இல்லை என்று அம்மாநில உச்சநீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது.

மூன்றாவது: விடுதியே வஞ்சகமானது. கடிகாரம் இல்லாத கூடத்தில் இரவு பகல் தெரியாமல் அமர்த்தி, விலையின்றி மதுவை வார்த்து, தோற்பவரைத் தொடர்ந்து தோற்கவிட்டு, வெல்பவரை மட்டும் வெளியே தள்ளுகிறது. அவ்வாறு செய்பவரிடம் முகத்தை மறைத்துக்கொள்வது தற்காப்பே.

நான்காவது: ஏழையின் கையிலிருந்து ஒரு காசும் வருவதில்லை. கோடிக்கணக்கில் ஈட்டும் நிறுவனத்திடமிருந்து சிறிது வருகிறது. அதுவும் தந்தையின் கடனுக்கே செல்கிறது.

இவற்றை அவர் சொல்லி முடித்தபோது, "சூதாட்டம் சப்த வியசனங்களுள் முதலாவது, தம்பி" என்றோம். அவர் உடனே, "வியசனம் என்றால் விடமுடியாத பழக்கம் அல்லவா? நான் இதில் மகிழவில்லை, அலுவலகத்திற்குச் செல்வதுபோலச் செல்வேன்" என்றார். எளிதில் தள்ளத்தக்க மறுமொழி அன்று அது.

எண்ணுதல் குற்றமா?

முதல் நியாயத்தை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும். எண்ணை அஞ்சும் மரபு நம்முடையதன்று. மகாவீராசாரியர் கி.பி. 850-ஐ ஒட்டி இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் இயற்றிய கணித சார சங்கிரகத்தில், பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகைகள் எத்தனை என்பதைக் காணப் பொதுவிதி தந்திருக்கிறார். சீட்டுக்கட்டின் கணக்குகள் எல்லாம் அவ்விதியின்மேல் நிற்பவையே. அந்நூலைப் பேராசிரியர் எம். ரங்காச்சாரியார் ஆங்கிலத்தில் பெயர்க்க, 1912-இல் நம் சென்னை அரசாங்க அச்சகமே வெளியிட்டது. கணிதம் அறிந்தவர் அதை மேசையின்முன் மறந்துவிடவேண்டும் என்று எந்த அறநூலும் சொல்லவில்லை.

மகாபாரதத்து வனபருவத்தில் வரும் நளன் கதையை நம்மவர் அனைவரும் அறிவர். சூதில் நாட்டை இழந்த நளன் உருமாறி வாகுகன் என்ற பெயரில் இருதுபன்னனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த அளவிலேயே எண்ணிச் சொல்கிறான் இருதுபன்னன். அந்த எண் வித்தையே கவறாட்டத்தின் உட்பொருள் என்றறிந்து நளன் அதைக் கற்றுக்கொள்கிறான். பின்னர் அதனாலேயே நாட்டை மீட்கிறான். எண்ணறிவுக்கும் சூதுக்கும் உள்ள உறவை மேலைநாட்டினர் ஆராயத் தொடங்குவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே நம் நாட்டுக் கதை அதைக் கண்டிருந்தது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வாகுகன் என்ற வேடம் நளனைத் துன்பக் காலத்தில் காத்தது. ஆயினும் புட்கரனோடு மீண்டும் ஆட அமர்ந்தபோது அவ்வேடம் அவன்மேல் இல்லை. நளன் நளனாகவே சென்று, பணயம் இன்னதென்று உரைத்து ஆடினான். அவன் ஆடியதை நாம் போற்றவில்லை. அறிவைப் பயன்படுத்துவதும் முகத்தை மாற்றிக்கொள்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதை அக்கதை பிரித்துக் காட்டுகிறது என்பதே நம் கருத்து.

வேடம் என்ன செய்கிறது?

எனவே வினா எண்ணுதலைப் பற்றியதன்று. எண்ணுவதை மறைப்பதற்குப் பூணும் வேடத்தைப் பற்றியது. மறைத்தல் எல்லாம் மாயை ஆகிவிடுமா?

ஆகாது. எம்.சி. ரோட்டில் துணி விற்பவர் தம் கொள்விலையை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. அவர் சொல்லமாட்டார் என்பது வாங்குபவருக்கும் தெரியும். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் எடுப்பவர் தாம் எதுவரை ஏறுவோம் என்பதை முகத்தில் காட்டுவதில்லை. காட்டமாட்டார் என்பது ஏலம் விடுபவருக்கும் தெரியும். (அத்தொழில் நமக்கு ஆகாதது, உவமைக்கு மட்டுமே சொன்னோம்.) இங்கே மறைவு உண்டு, மயக்கம் இல்லை. ஆனால் அதே துணிக்கடைக்காரர், "வாங்கிய விலைக்கே உங்களுக்குத் தருகிறேன்" என்று சொல்லி ஆதாயம் வைத்து விற்றால் நிலைமை மாறிவிடுகிறது. சொல்லாதிருப்பது மௌனம். பிறர் மனத்தில் பொய்யான ஓர் எண்ணத்தை நாமே நட்டு, அவ்வெண்ணத்தை நம்பி அவர் செயற்படும்போது அதன் பயனை நாம் கொள்வது மாயை. வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பது விடையாகாது. மாயைக்கு மனமும் காயமும் போதும். தள்ளாடும் நடையும் பொய்யுரைக்கும். பருகாத கிண்ணமும் பொய்யுரைக்கும்.

இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும் வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. ஃபில் ஐவி என்ற புகழ்பெற்ற சீட்டாட்டக்காரர் 2012 ஆகஸ்டில் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் விடுதியில் 77 இலட்சம் பவுன் வென்றார். அவர் எண்ணவில்லை, சீட்டின் முதுகில் அச்சுப்பிசகால் நேர்ந்த மிக நுண்ணிய வேறுபாட்டைக் கண்டறிந்தார். அதைப் பயன்படுத்தச் சில சீட்டுகள் திருப்பி வைக்கப்படவேண்டும். தமக்கு அதிர்ஷ்ட நம்பிக்கை உண்டு என்று காட்டி, சீட்டுப் போடும் பெண்ணையே அவ்வாறு திருப்பச் செய்தார். அப்பெண் தாம் என்ன செய்கிறோம் என்பதை அறியாமலே செய்தார். விடுதி பணம் தர மறுத்தது. வழக்கு 2017 அக்டோபர் 25-ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அது ஏமாற்றே என்றனர். தாம் செய்தது ஏமாற்றன்று என்று ஐவி உண்மையிலேயே நம்பினார் என்பதைக் கீழ்நீதிமன்றம் ஏற்றிருந்தது. ஆயினும் அந்நம்பிக்கை அவரைக் காக்கவில்லை. ஒருவர் அறிந்திருந்தவை எவை என்று முதலிற் கண்டு, அவற்றை அறிந்தவராய் அவர் செய்ததை நேர்மையுள்ள ஏனையோரின் அளவுகோலால் அளக்கவேண்டுமேயன்றி, அவருடைய அளவுகோலாலேயே அளக்கலாகாது என்று நேர்மையின்மைக்கு இலக்கணம் வகுத்தனர்.

சட்டப்படி ஐவி செய்ததும் சீட்டு எண்ணுதலும் ஒன்றல்ல. சீட்டு எண்ணுபவர் கட்டைத் தொடுவதில்லை; பிறரைத் தொடவைப்பதும் இல்லை. அந்த அளவில் தம்பியின் செயல் தூயதே. ஆயினும் பிறரை அறியாமையில் இருத்தி, அவ்வறியாமையைத் தம் கருவியாக்கும் இடத்தில் இரண்டும் அருகருகே வந்துவிடுகின்றன.

நம் ஊரிலும் இதைக் கண்டிருக்கின்றோம். நம் இளமையில் துறைமுகத் தொழிலாளர் கூலி வாங்கி வரும் நாளில் ராயபுரம் வீதியோரத்தில் மூன்று சீட்டுக்காரர் ஒருவர் துண்டை விரித்து அமர்வார். சுற்றி நிற்பவர்களுள் இருவர் அவருடைய ஆட்களே. எனினும் அவரை அறியாதவர்போல் வந்து பணம் வைத்து வெல்வர். அதைக் கண்டு மயங்கிய தொழிலாளி தன் வாரக்கூலியை வைத்து இழப்பான். அந்த இருவரையும் நாம் திருடர் என்றே அழைத்தோம். அவர்கள் சீட்டைத் தொடவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. ஒருவரையொருவர் அறியாதவர்போல் நின்றார்கள், அவ்வளவே. தம்பியின் நண்பர்கள் மேசைதோறும் அமர்ந்து செய்வதும் அதுவே. ஏமாறுபவர் மாறியிருக்கிறார், தொழிலாளியின் இடத்தில் விடுதி நிற்கிறது. இதனால் பாவத்தின் பளு குறையலாம். ஆனால் வேடம் அதே வேடம். அதைப் பூணும் நெஞ்சு கற்கும் பாடமும் அதே பாடம்.

தற்காப்பு என்னும் நியாயம்

விடுதி வஞ்சகமானது என்பதை மறுக்கமாட்டோம். அதை நடத்தவிடும் அரசுகளே அதை அறிந்திருக்கின்றன. நம் நாட்டில் கோவா தன் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1992-லும் 1996-லும் திருத்திச் சூதாட்ட இயந்திரங்கட்கும் கப்பல் விடுதிகட்கும் இடம் தந்தது. அதே அரசு 2020 பிப்ரவரியில் கோவா மக்கள் அவற்றுள் ஆடச் செல்வதற்குத் தடை விதித்தது. சிங்கப்பூரில் 2010-இல் விடுதிகள் திறக்கப்பட்டபோதே அந்நாட்டவர் உள்ளே செல்ல நாளொன்றுக்கு 100 வெள்ளி கட்டவேண்டும் என்று விதித்தனர். 2019-இல் அது 150 ஆயிற்று. வேற்றூரார் வந்து தோற்கட்டும், நம்மவர் தோற்கவேண்டாம் என்பதே இவற்றின் பொருள்.

வஞ்சகரிடமிருந்து உயிரையோ பிறர் நலனையோ காக்க மறைத்தல் தகும். பிறருக்கு ஆபத்து விளைக்குமாயின் உண்மையையும் சொல்லாதிருத்தலைச் சத்தியாணுவிரதத்துள்ளேயே சமந்தபத்திரர் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் அடக்கியிருக்கிறார். ஆனால் அங்கே மறைவை அளக்கும் கோல் கருணை. இங்கே தம்பி தற்காத்துக்கொள்ள விடுதிக்குச் செல்லவில்லை. செல்லாதிருந்தால் அவருக்கு ஓர் ஆபத்தும் இல்லை. தாமே வலியச் சென்று, பின்னர்த் தற்காப்பு என்று சொல்வது பொருந்தாது.

அன்றியும், மாயையின் விளைவு ஏமாற்றப்பட்டவரின் தகுதியைப் பொறுத்ததன்று. உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் மாயையை விலங்குகதிக்குக் காரணமாகக் கூறுகிறார். நல்லவரிடம் காட்டும் மாயை, தீயவரிடம் காட்டும் மாயை என்ற பாகுபாடு அங்கே இல்லை. ஏழாம் அத்தியாயத்தில், சல்லியம் நீங்கியவரே விரதி என்கிறார். சல்லியம் என்பது உள்ளே தைத்து நிற்கும் முள். அவை மூன்று: மாயை, மித்தியை, நிதானம். பொய்ம்முகமும் வருங்காலப் பயனை விழையும் ஏக்கமும் முட்களாகவே எண்ணப்பட்டன என்பது சிந்திக்கத்தக்கது. முள் தைத்த காலோடு நடப்பவர் சேருமிடம் நல்லதாயினும் நடை நேராக இராது.

பணம் எங்கிருந்து வருகிறது?

நான்காம் நியாயமே நம்மை அதிகம் வருத்தியது. அது தந்தையைப் பற்றியதாதலால்.

விடுதிக்குத் தனக்கென்று வயலோ ஆலையோ இல்லை. அதன் பணமெல்லாம் தோற்றவர்களின் பணமே. எண்ணுபவர் வெல்லுந்தோறும் அத்தோல்வியின் ஒரு பகுதி அவர் கைக்கு மாறுகிறது. எல்லோரும் எண்ணக் கற்றுக்கொண்டால் அன்றே அம்மேசை மூடப்படும். ஆகவே எண்ணுபவர் வாழ, எண்ணத் தெரியாத பலர் அருகிலேயே அமர்ந்து தோற்றுக்கொண்டிருக்கவேண்டும். அவர்கள் தொடர்ந்து வரவேண்டும் என்று அவர் மனம் விரும்பவும் வேண்டும். நம் நெறியில் செய்தல் மட்டும் வினையன்று. செய்வித்தலும் உடன்படுதலும் வினையே. அத்தோல்விக்கு உடன்பட்ட மனம் மாலைதோறும் அம்மேசையருகே அமர்ந்திருக்கும்.

அது எத்தகைய தோல்வி என்பதை வடசென்னை அறியும். 2003-இல் தமிழக அரசு பரிசுச்சீட்டுகளைத் தடைசெய்யும்வரை இத்தெருக்களில் கூலியோடு சீட்டு வாங்கி வீடு திரும்பியவர்களைக் கண்டோம். அதன்பின் அதே நோய் கைப்பேசிக்குள் இணையவழி ரம்மியாக வந்தது. கடனில் மூழ்கிச் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு ஆராய்ந்தபின் மாநில அரசு தடைச்சட்டம் இயற்றியது. ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்சநீதிமன்றம் 1960-களிலேயே கூறியிருந்தது. குதிரைப் பந்தயத்தையும் 1996-இல் அவ்வகையிலேயே சேர்த்தது. அதையொட்டிச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் அத்தடையிலிருந்து விலக்கிற்று. பின்னர் 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையாயினும் வாய்ப்பாயினும், பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டம் அனைத்தையும் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. திறமையா வாய்ப்பா என்பது நீதிமன்றத்திற்குரிய வினா. இழந்தவரின் இல்லத்திற்கு அவ்வேறுபாடு தெரிவதில்லை.

திருக்குறளின் சூது அதிகாரம் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிடுகிறது. காசிமேட்டுக்கு அருகில் வாழும் நமக்கு அதன் உரை வேண்டுவதில்லை. அமிர்தசந்திரரும் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் சூதை மாயையின் உறைவிடமாகவே காட்டுகிறார். ஆடாமல் அலுவலகம்போலச் சென்றுவருவேன் என்று தம்பி சொன்னதற்கு மறுமொழி இதிலேயே உள்ளது. ஆட்டத்தில் மயங்காதவரும் அவ்வீட்டிற்குள் வேலை பார்க்கச் சென்றால் அவ்வீட்டின் மொழியைப் பேசத்தான் வேண்டும்.

நம்மை நோக்கி வந்த வினா

இவற்றுள் பாதியை நாம் அன்றே தம்பியிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "சரி மாமா. ஆனால் நம் கடைகளில் இரண்டு கணக்கு எழுதுகிறோமே, ஒன்று நமக்கு, ஒன்று வரி அதிகாரிக்கு. அந்த இரண்டாம் கணக்கு வேடமில்லையா? அதை எழுதும் கையால் எனக்கு ஆர்ஜவம் படித்துக் காட்டலாமா?"

மாடியில் சற்றுநேரம் பேச்சில்லை. யாரையோ சொல்கிறார் என்று கடந்துவிட நம்மால் இயலவில்லை. நாமும் வணிகரே; நம் பெட்டகத்திலும் அத்தகைய ஏடு ஒன்று இருந்தது.

களவாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களை நாம் பலமுறை மனப்பாடமாக ஒப்புவித்திருக்கின்றோம்: களவுக்கு ஏவுதல், களவுப் பொருளைக் கொள்ளுதல், அரசின் நெறியை மீறி வணிகம் செய்தல், எடையிலும் அளவிலும் கூட்டிக் குறைத்தல், போலியைக் கலத்தல். மூன்றாவதை வாயால் சொல்லும்போது நம் கடை நினைவுக்கு வந்ததில்லை. வரி மிகுதி, அதிகாரிகள் நேர்மையற்றவர், எல்லோரும் செய்கிறார்கள், குடும்பத்திற்காகவே செய்கிறோம் என்று நாம் நமக்குச் சொல்லிக்கொண்டவை, தம்பி விடுதியைப் பற்றிச் சொன்ன அதே நியாயங்கள். அவருடையவற்றை மறுக்க நூல்களைத் தேடிய நாம் நம்முடையவற்றை ஒருநாளும் மறுத்ததில்லை.

ஆகவே இருவருக்கும் பொருந்தும் உரைகல் ஒன்றை நாடினோம். ஒரு செயலைச் செய்யும்போது, எதிரே இருப்பவர் நம்மை உள்ளபடி அறிந்துவிட்டால் அச்செயல் நின்றுவிடுமா? நின்றுவிடும் என்று அஞ்சி, அவர் அறியாதிருப்பதற்காகவே நாம் ஏதேனும் ஒன்றைப் புனைந்தோமா? இரண்டிற்கும் ஆம் என்பது விடையாயின், சட்டம் என்ன சொன்னாலும், எதிரே இருப்பவர் எத்தகையவராயினும், அது ஆர்ஜவம் அன்று. எண்ணுவதைத் திறந்த முகத்தோடு செய்ய முடியுமானால் தம்பி எண்ணட்டும்; சூது என்ற குற்றம் மட்டுமே எஞ்சும். முடியாதென்றால், அங்கே சூதோடு மாயையும் சேர்ந்துவிட்டது என்று அறியவேண்டும்.

தம்பி குழுவில் சேரவில்லை. இரண்டு திங்கள் கழித்துக் கப்பலுக்குத் திரும்பினார். அதற்குள் அவர் தந்தையார் வீட்டை விற்றுக் கடனைத் தீர்த்து, அதே தெருவில் ஒரு மாடியில் வாடகைக்குக் குடியேறினார். விடைபெற வந்தபோது தம்பி, "நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன் மாமா. ஆனால் அப்பா அந்த மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை" என்றார். அதற்கு நம்மிடம் ஆறுதல் இல்லை. நேர்மைக்கு உடனே பயன் கிட்டும் என்று நம் நூல்கள் உறுதி தரவில்லை. முள் தைக்காத கால் என்பதே அவை தரும் உறுதி.

நாமும் அவ்வாண்டுக் கணக்கை ஒரே ஏட்டில் முடித்தோம். கட்டவேண்டிய தொகை நம் எதிர்பார்ப்பைவிட மிகுதியாகவே வந்தது, கட்டினோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பல்லாண்டு செய்த பிழையை ஓராண்டு நிறுத்தியதில் பெருமை ஏதுமில்லை. இளைஞர்களுக்கு ஆர்ஜவம் போதிக்க அமரும் நம்மில் ஒவ்வொருவரும், அமர்வதற்கு முன்னர்த் தம் ஏட்டைத் தாமே ஒருமுறை திறந்து பார்ப்போமாக.